அலகு இல்லாத இரண்டு எண்கள்

அத்தியாயம் ஏழு

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் துப்பறிவாளர் கி சாங்தொக்.

எதிரே உட்கார்ந்திருந்த ஜின்க்யூ செல்போனைத் தொட்டான். விரல் இடம் தவறியது. மறுபடி தொட்டான். அவன் மனைவி உன்சோவின் குரல் அந்தச் சின்ன அலுவலகத்தில் ஒலித்தது.

"என்னங்க, நான்தான். பயப்படாதீங்க. வேலை அலுத்துப்போச்சு, கொஞ்ச நாள் தனியா இருக்கலாம்னு கிளம்பிட்டேன். தேடாதீங்க. எங்க டீம் லீடர்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லிடுங்க. என் அறிக்கையில ரெண்டு எண் தப்பா இருக்கு. பிராண்டல் எண் ஏழுன்னு போட்டிருக்கேன், அதைப் பதினொன்றரைன்னு மாத்தணும். கிராஷாப் எண் பூஜ்யம். மறந்துடாதீங்க, பூஜ்யம்."

பிறகு ஒரு கரகரப்பு. அழைப்பு அறுந்தது.

"எங்கே இருந்து பேசினாங்கன்னு போலீஸ் பார்த்தாங்களா?"

"பார்க்க மாட்டேங்கிறாங்க ஐயா. 'வயசு வந்தவங்க, அவங்க வாயாலேயே தேடாதேங்கிறாங்க, வீட்டுச் சண்டைக்கு நாங்க என்ன பண்றது'ங்கிறாங்க." ஜின்க்யூ பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். நேற்றிரவு முழுக்கக் கத்தித் தேடியதில் குரல் கம்மிப் போயிருந்தது. "அவ சும்மா போகிறவ இல்லைங்க. கோட்டு கூட எடுக்கல. வெளியில மைனஸ் பதினஞ்சு."

சாங்தொக் தன் உதவியாளர் பக்கம் திரும்பினார். போங் யேரி இயந்திரப் பொறியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவள். அப்புறம் மேடையேறி நகைச்சுவை பேசிப் பார்த்தாள். ஜனங்கள் சிரிக்கவில்லை. இப்போது சம்பளத்துக்கு சாங்தொக்கைச் சிரிக்க வைக்க முயன்றுகொண்டிருக்கிறாள்.

"யேரி, இந்த பிராண்டல் யாரு?"

"என் வாழ்க்கையைக் கெடுத்த ஆளு சார். வெப்பம் கடத்துற பாடத்துல நான் ரெண்டு தடவை ஃபெயிலு. ரெண்டு தடவையும் இவருதான் முன்னாடி நின்னாரு."

"விளையாடாதே."

"இது அலகு இல்லாத எண் சார். மீட்டர், கிலோன்னு பின்னாடி வால் இருக்காது. ஒரு திரவத்துல வேகம் எப்படிப் பரவுது, சூடு எப்படிப் பரவுது, ரெண்டையும் தராசுல வெச்சா வர்ற எண். திரவத்தோட ஜாதகம்னு வெச்சுக்குங்க. ஆனா சூடு மாறினா ஜாதகமும் மாறிடும். தண்ணிக்கு இருபது டிகிரியில ஏழு. கொதிக்கும்போது ரெண்டுக்கும் கீழே. குளிரக் குளிர ஏறிக்கிட்டே போகும்."

சாங்தொக் மேசையைத் தட்டுவதை நிறுத்தினார்.

"அப்போ பக்கத்துல எவனோ காது குடுத்து நிக்கிறப்போ, அந்தம்மா தப்பைத் திருத்தல. எவ்வளவு குளிர்ல இருக்கேன்னு சொல்லியிருக்காங்க."

யேரி தின்றுகொண்டிருந்த கிம்பாப் சோற்றுச் சுருளைக் கீழே வைத்தாள். ஜின்க்யூ எழுந்தே விட்டான்.

"அதை அவங்க டீம் லீடருக்குத்தானே சொல்லச் சொன்னாங்க? வாங்க, போய்க் கேப்போம்."

*

தாங்வோல் ஏரிக்கரையில் புதிதாக எழும்பியிருந்தது அந்தத் தகவல் மையம். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கி, அவை சூடேறாமல் இருக்க ஏரித் தண்ணீரைக் குழாய்களில் ஓட விடுவதாக ஏற்பாடு. மதியத்துக்கு மேல் திறப்பு விழா. பந்தல், பலூன், மாகாணத்துப் பெரிய மனிதர்களுக்கு நாற்காலி. கரையோரம் ஏரி பனிக்கட்டியாக உறைந்து, தூரத்தில் மீன்பிடிக்காரர்களின் கூடாரங்கள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன.

டீம் லீடர் நோ குவாங்மோ விழா அவசரத்திலும் அவர்களை உட்கார வைத்து, கையோடு காபி கலந்து கொடுத்தார். நரைத்த தலை, பதவிசான பேச்சு. இந்த வேலையில் இருபத்தைந்து வருடம் ஊறியவர். உன்சோவின் குரலைப் போட்டுக் கேட்டுவிட்டு ஜின்க்யூவின் கையைப் பற்றிக்கொண்டார்.

"உன்சோ எனக்குத் தங்கச்சி மாதிரி. அவ சொன்னது எனக்குப் புரியுது. பதினொன்றரைன்னா நாலு டிகிரித் தண்ணி."

"நாலு டிகிரி! ஏரித் தண்ணியா?" என்றார் சாங்தொக்.

குவாங்மோ ஜன்னல் பக்கம் கை காட்டினார். "பாருங்க, பனிக்கட்டி. பனிக்கட்டியைத் தொட்டுக்கிட்டு இருக்கிற தண்ணி பூஜ்யம் டிகிரி. அதுக்குப் பதிமூணு வரும். உன்சோ ஒரு புள்ளி கூடத் தப்பா சொல்ல மாட்டா."

"அப்போ எங்கே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "குழாய் வேலை எடுத்த ஒப்பந்தக்காரருக்கும் அவளுக்கும் ஆகாது. அந்தாளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு முட்டைக்கோஸ் குளிர்கிடங்கு இருக்கு. எப்பவும் நாலு டிகிரியில வெச்சிருப்பாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"அந்த இன்னொரு எண்?" யேரி கேட்டாள். "கிராஷாப் பூஜ்யம்னாங்களே?"

குவாங்மோ வருத்தமாகத் தலையாட்டினார். "அது பூஜ்யம் ஆகவே ஆகாதும்மா. பாவம், பயத்துல உளறியிருக்கா. சீக்கிரம் போங்க."

*

மலைப்பாதையில் பனி. சக்கரத்துக்குச் சங்கிலி கட்டியும் கார் வழுக்கியது. பின்சீட்டில் ஜின்க்யூ தனக்குத் தானே பேசுவது போல் சொல்லிக்கொண்டு வந்தான்.

"அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேன்னா. கணக்குல ஏமாத்தியிருக்காங்களாம். குளிரோட லாபத்தை எடுத்துக்கிட்டாங்க, நஷ்டத்தை மறைச்சுட்டாங்கன்னு சொன்னா. எனக்கு ஒண்ணும் விளங்கல. சோறு ஆறுது, வந்து சாப்பிடுன்னேன். அதான் கடைசியாப் பேசினது."

யேரி திரும்பி அவனைப் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்த கேலி அப்படியே அடங்கியது.

"எனக்கு விளங்குது வாத்தியாரே. குளிர்ந்த தண்ணி சூட்டை நல்லா வாங்கும், அது லாபம். ஆனா குளிர்ந்தா தண்ணி கெட்டிப்படும். குழாயில புரண்டு கலக்கி ஓட வேண்டியது, சோம்பேறியா ஊர்ந்து போகும். அதை ரெனால்ட்ஸ்னு இன்னொரு எண் சொல்லும், அது விழுந்துடும். இவங்க சூட்டை வாங்குறதுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணின்னு கணக்குப் போட்டிருக்காங்க. ஓடுறதுக்கு வெதுவெதுப்பான தண்ணின்னு போட்டிருக்காங்க. ஒரே தண்ணிக்கு ரெண்டு ஜாதகம்."

"விளைவு?" என்றார் சாங்தொக், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முழு வேகத்துல ஓட்டினா கம்ப்யூட்டர் எல்லாம் வெந்துடும் சார். புதைச்ச குழாயை எல்லாம் தோண்டி எடுத்துப் பெருசாப் போடணும். கணக்குப் போட்டவன் தலை உருளும்."

கிடங்கின் சொந்தக்காரரான அந்த ஒப்பந்தக்காரர் காரணம் கூடக் கேட்கவில்லை. "பாக்கணுமா? தாராளமாப் பாருங்க" என்று கதவை அகலத் திறந்துவிட்டார். ஒளிக்க எதுவும் இல்லாதவன் திறக்கிற மாதிரி.

கூரை வரைக்கும் முட்டைக்கோஸ். ஜின்க்யூ பெட்டிகளுக்கு நடுவே ஓடினான். "உன்சோ! உன்சோ!" கம்மிய குரல் முட்டைக்கோஸ்களில் மோதி அமுங்கியது. பெட்டிகளை இழுத்துத் தள்ளினான். பின்பக்கச் சுவர் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை.

சாங்தொக் சுவரில் தொங்கிய வெப்பமானியின் முன் நின்றார்.

"ஏங்க, இது சரியாக் காட்டுதா? பூஜ்யம்னு இருக்கே."

"பின்னே? முட்டைக்கோஸை வேற எதுல வெப்பாங்க? நாலு டிகிரின்னா மார்ச்சுக்குள்ள அழுகிடும்" என்றார் கிடங்குக்காரர்.

சாங்தொக் மெதுவாகத் திரும்பினார். "யேரி. அந்த கிராஷாப் என்ன சொல்லும்?"

"தண்ணி தானா மேலே கீழே போகத் துடிக்குதில்ல சார், அந்தத் துடிப்பு எவ்வளவுன்னு சொல்லும். சூடான தண்ணி விரிஞ்சு லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கனமாகிக் கீழே..." யேரி பாதியில் நிறுத்தினாள்.

"என்ன?"

"சார், நான் ரெண்டாவது தடவை ஃபெயிலானது இந்தக் கேள்வியிலதான். கிராஷாப் எப்போ பூஜ்யம் ஆகும்னு கேட்டிருந்தாங்க. ஆகவே ஆகாதுன்னு எழுதினேன். வாத்தியார் என் பேப்பரை வகுப்புல தூக்கிக் காட்டினாரு." அவள் சாங்தொக்கின் கையைப் பிடித்தாள். "தண்ணி நாலு டிகிரியில விரியவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது சார். அதுதான் அதோட ரொம்பக் கனமான நிலை. அங்கே துடிப்பே கிடையாது. பூஜ்யம். நாலு டிகிரித் தண்ணி போய் அடியில படுத்துக்கும், அசையாது. அதனாலதான் ஏரி மேலே உறைஞ்சாலும் அடியில உறையாம மீன் பிழைக்குது!"

"ஏரியோட அடி" என்றார் சாங்தொக்.

"ஏரியோட அடி. பதினொன்றரை, பூஜ்யம். ரெண்டும் சேர்ந்து வர்ற இடம் அது ஒண்ணுதான்."

சாங்தொக் கேட்டார்: "யேரி, நீ ரெண்டு தடவை ஃபெயிலானவ. உனக்கே தெரியுது. இருபத்தஞ்சு வருஷம் இதே வேலையில ஊறின, அந்தக் கணக்குக்கே பொறுப்பான மனுஷனுக்குத் தெரியாதா?"

மண்டியிட்டிருந்த ஜின்க்யூ தலையை நிமிர்த்தினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவர்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அவ ஒளிச்சு வெச்சுச் சொன்னதை நானே அவர்கிட்ட..."

"எழுந்திருங்க" என்று சாங்தொக் அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். "அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். ஏரி அடிக்குப் போக அந்த மையத்துல என்ன வழி?"

"கரையில ஒரு கிணறு இருக்குன்னு உன்சோ சொல்லியிருக்காங்க. ஏரி அடித் தண்ணியை இழுக்கிறதுக்கு. இப்ப காலியா வெச்சிருக்காங்க. இன்னிக்கு விழாவுல பட்டனை அமுக்கினா மதகு திறந்து..." அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

*

போலீசுக்குப் போன் செய்தார்கள். "முட்டைக்கோஸ் கிடங்குல இல்லைன்னா ஏரியில இருப்பாங்களா?" என்று ஒரு கொட்டாவி பதில் சொன்னது. விழா மேடைக்குப் போன் செய்தார்கள். எடுத்தது குவாங்மோவின் செயலாளர். யேரி சட்டென்று துண்டித்தாள். தாங்கள் திரும்பி வருவது குவாங்மோவுக்குத் தெரிந்தால் பட்டனை இப்போதே அமுக்கச் சொல்லுவார்.

ஏரிக்கரைச் சாலையை விழாவுக்கு வந்த கார்கள் அடைத்திருந்தன. காவலர்கள் ஒரு வண்டியையும் விடவில்லை. சாங்தொக் காரை மீன்பிடிக்காரர்கள் பக்கம் திருப்பி, பனிக்கட்டி விளிம்பில் நிறுத்தினார்.

"குறுக்கே ஓடணும்."

"சார், இது மேலேதான் பூஜ்யம். உடைஞ்சா அடியில நாலு."

"பரவாயில்ல, நமக்கு அங்கதானே வேலை."

ஓடினார்கள். காலடியில் பனிக்கட்டி துப்பாக்கி வெடிப்பது போல் ஓரிடத்தில் விரிசல் விட்டது. யேரி கத்தினாள், ஆனால் நிற்கவில்லை. தூரத்தில் ஒலிபெருக்கியில் யாரோ ஒரு பெரிய மனிதர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சு நீள வேண்டும் என்று யேரி வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அரசியல்வாதிக்காகப் பிரார்த்தித்தாள்.

கிணற்று அறையின் வாசலில் முரட்டு ஆள் ஒருவன் சட்டையோடு குந்தி, கோப்பை நூடுல்ஸை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். அந்தக் குளிரில் மேலே ஜாக்கெட் இல்லை. அவர்களைப் பார்த்ததும் எழுந்து ஓர் இரும்புக் கம்பியைத் தூக்கினான்.

"யாரு? இங்கே வரக் கூடாது, போங்க!"

ஜின்க்யூ அவன் மேல் பாயப் போனான். சாங்தொக் அவன் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"தம்பி, பேரு என்ன?"

"மான்போக். அதெதுக்கு உனக்கு?"

"குழாய்க்காரனா?"

"ஆமா. ஐயா சொல்லித்தான் இருக்கேன். விழா முடியிற வரைக்கும் அந்தம்மாவை வெச்சுக்கோ, அப்புறம் விட்டுடுன்னாரு. நான் ஒரு அடி கூட அடிக்கல. என் ஜாக்கெட்டைக் கூடக் குடுத்துட்டேன்."

"எங்கே இருக்கச் சொன்னாரு? இங்கே வாசல்லயா?"

"கீழே, அவங்க கூடவே. உள்பக்கம் தாழ் போட்டுக்கோன்னாரு. குளிர் தாங்கல, இதைக் குடிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

யேரி ஓரடி முன்னால் வந்தாள். "அண்ணே, இன்னும் கொஞ்சத்துல மதகு திறக்கப் போகுது. கிணறு நிறையும்."

"ஏய், என்னை என்ன மடையன்னு நெனச்சியா? பட்டன் சும்மா விளையாட்டுக்கு. தண்ணி அடுத்த வாரம்தான்னு ஐயாவே சொன்னாரு."

"கீழே ஆள் இறங்கினா மதகு சுவிட்சுல பூட்டுப் போடுவீங்க இல்ல?" என்றார் சாங்தொக், தெருவில் வழி கேட்பவர் போல நிதானமாக. "இறங்கினவன் பூட்டு, இறங்கினவன் சாவி. அவன் ஏறி வர்ற வரைக்கும் எவனும் மோட்டாரைத் தொட முடியாது. நீ போட்டியா?"

"போடாம இறங்குவேனா? சிவப்புப் பூட்டு. அதோ..."

மான்போக் திரும்பிப் பார்த்தான். சுவரில் மதகின் சுவிட்சுப் பெட்டி இருந்தது. அதில் சிவப்புப் பூட்டு இல்லை. பெட்டிக் கதவு மூடி, அதன் சொந்தச் சாவியால் பூட்டப்பட்டிருந்தது. மேலே பச்சை விளக்கு எரிந்தது.

"மாத்துச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"ஐயாகிட்ட" என்றான் மான்போக். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. நூடுல்ஸ் கோப்பை கையிலிருந்து நழுவியது.

"தண்ணி அவங்களுக்கு மட்டும் இல்லடா" என்றார் சாங்தொக். "சாட்சிக்கும் சேர்த்துத்தான்."

மான்போக் இரும்புக் கம்பியை அவர் கையில் திணித்தான். "பெட்டியை உடைங்க!" என்று அலறிவிட்டு, கிணற்றுக் கதவைத் திறந்து ஏணியில் இறங்கினான். அவன் பின்னால் ஜின்க்யூ. அவன் பின்னால் யேரி.

ஏணி முடிவில்லாமல் போனது. கீழே ஒரு கை விளக்கு. அதன் வெளிச்சத்தில் பெரிய ஆண் ஜாக்கெட்டுக்குள் சுருண்டு கிடந்தாள் உன்சோ. கைகள் குழாயோடு கட்டப்பட்டிருந்தன. உதடு நீலம். கண் திறந்திருந்தது, ஆனால் வந்தவர்களை அடையாளம் தெரியவில்லை.

மேலே எங்கோ கைதட்டல் கேட்டது. பேச்சு முடிந்துவிட்டது.

சுவர் முனகியது. மதகு ஒரு சாண் உயர்ந்தது. தண்ணீர் விழவில்லை, பாய்ந்தது, அறைந்தது. யேரியின் முழங்கால் வரை ஒரே நொடியில் கத்தியால் வெட்டுவது போல ஏறியது. மூச்சு உள்ளே போக மறுத்தது. மான்போக் தன் கத்தியால் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் மரத்துக் கத்தி இரண்டு முறை நழுவியது. ஜின்க்யூ மனைவியின் முகத்தைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்து, எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான். அது பேச்சில்லை, பாட்டு. குரல் இல்லாத தொண்டையிலிருந்து வெறும் காற்றாக ஒரு பாட்டு. உன்சோவின் கண் மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

தண்ணீர் இடுப்பு. தண்ணீர் மார்பு.

மேலே டங், டங் என்று இரும்பு மேல் இரும்பு விழும் சத்தம். பிறகு ஒரு வெடிப்பு. மேலே விளக்குகள் அணைந்தன, கை விளக்கு மட்டும் மிச்சம். மதகு பாதியில் நின்றது.

கட்டு அறுந்தது.

மான்போக் உன்சோவை முதுகில் போட்டு, தன் பெல்ட்டால் இறுக்கி, ஏணியில் ஏறினான். நின்ற மதகின் இடைவெளியில் தண்ணீர் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு படியாக அவர்களைத் துரத்திக்கொண்டு ஏறியது. கடைசியில் வந்த யேரியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போட்ட சாங்தொக்கின் உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தமாக இருந்தது.

"உசுரு இருக்கா?" என்றார்.

யேரிக்குப் பல் அடித்துக்கொண்டது. உன்சோதான் பதில் சொன்னாள். கணவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நாக்குக் குழற, "வந்துட்டீங்களா" என்றாள்.

*

விழாப் பந்தலில் மதகைக் காட்டிக்கொண்டிருந்த பெரிய திரை மங்கிப் போயிருந்தது. குவாங்மோ ஒலிவாங்கியைப் பிடித்து, சின்னத் தடங்கல், ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று புன்சிரிப்போடு சொல்லிக்கொண்டிருந்தார். விழாவுக்காக நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ் திடீரென்று அலறிக்கொண்டு கிணற்றுப் பக்கம் விரைந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். போர்வையில் சுற்றிய ஒரு பெண்ணை ஏற்றுவதும், ஒருவன் அவள் கையை விடாமல் கூடவே ஏறுவதும் தெரிந்தது.

குவாங்மோ அதைப் பார்த்தார். புன்சிரிப்பு கலையவில்லை. "அடக் கடவுளே, அது நம்ம உன்சோ மாதிரி இருக்கே!" என்று ஒலிவாங்கியிலேயே பதறினார். குரலில் கண்ணீர் கூட இருந்தது. அந்த ஒப்பந்தக்காரன் மேல் பழியைப் போட இன்னும் வழி இருக்கிறது என்று அவர் மனம் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அப்போது கூட்டம் விலகியது. சொட்டச் சொட்ட நனைந்து, ஜாக்கெட் இல்லாமல், தலைமுடி விறைத்து, நடுவழியே நடந்து வந்தான் மான்போக். இரண்டு பக்கமும் சாங்தொக்கும் யேரியும். மேடைக் காவலுக்கு நின்ற போலீஸ் அதிகாரி தடுக்கக் கை நீட்டி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார்.

அவனைக் கண்டதும்தான் புன்சிரிப்பு போயிற்று.

மான்போக் மேடையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். கோபமாகப் பேசவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் கேட்பது போலக் கேட்டான்.

"ஐயா, கீழே தண்ணி வந்துச்சுங்க. நான் போட்ட பூட்டு எங்கேங்க?"

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, குவாங்மோவின் வலது கை, அவரைக் கேட்காமலே, கோட்டுப் பையைப் போய்ப் பொத்தியது.